பேர் இருந்தால் மருந்து

தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்டால், கூலி கிடைத்ததா என்று அர்த்தம். காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறி, சொன்ன கிலோவை எடுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர். கிலோ குறைந்தால் அரைப்பேர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேரே இல்லை. ஒரு மனிதரின் பெயரும் அவருடைய ஒரு நாள் கூலியும் ஒரே சொல்லாகிப் போன இடம் இது.

எங்களில் சிலர் ஊவாத் தோட்டங்களில் பிறந்தவர்கள், சிலர் அப்படி இல்லை. 2016 இல் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஓர் எண்ணைப் பார்த்த பிறகுதான் இதைச் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம். தோட்டங்களில் மட்டும் பார்த்தால் 32 வீதம். ஏன் இப்படி என்று கேட்டால் ரெடிமேட் பதில்கள் வரும்: படிப்பில்லை, சாராயம், சுத்தமில்லை, பெண்களுக்கு விளங்காது. பல்கலைக்கழக வகுப்பறையிலேயே இதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் பழைய சட்டங்களையும் அறிக்கைகளையும் வாசிக்க வாசிக்க எங்களுக்கு வேறொன்று தெரிந்தது. இந்த நூற்றைம்பது வருடத்தில் தோட்டத்து நோயாளியிடம் "உனக்கு என்ன வருத்தம்?" என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வந்திருக்கிறது. முதல் கேள்வி எப்போதும் "நீ யாருடைய ஆள்?"

கோப்பிக் காலத்திலிருந்து போவோம். 1820களில் தொடங்கி திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம் பக்கமிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 2023 இல் "மலையகம் 200" நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அதே திசையில்தான் நடந்தார்கள், தார் ரோட்டில். அன்றைக்கு அந்த வழியில் கொலரா, அம்மை, வயிற்றோட்டம், பசி எல்லாம் இருந்தன. ஊவாவுக்கு வர வேண்டியவர்கள் மாத்தளையோடு நிற்கவும் முடியாது. இன்னும் மலை ஏறி இறங்க வேண்டும். 1841 முதல் 1848 வரையான காலத்தில் வந்தவர்களில் சுமார் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 1849 இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. அதாவது நால்வரில் ஒருவர். இந்தத் தொகை சரியா, கூடுதலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எங்களுக்கு அந்த வாதத்தைவிட, ஏன் வாதாட வேண்டியிருக்கிறது என்பதுதான் முக்கியமாகப் பட்டது. எண்ணி வைக்க ஆளில்லை. வழியில் விழுந்தவர் இன்னும் எந்தத் தோட்டத்தின் கணக்கிலும் ஏறாதவர். அவர் யாருடைய ஆளும் இல்லை.

தோட்டத்துக்கென்று முதலாவது வைத்தியச் சட்டம் 1872 இல் வந்தது. திடீரென்று இரக்கம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதைச் சென்னை அரசாங்கம் கேள்வி கேட்கக்கூடும் என்ற பயம் கொழும்புக்கு எப்போதும் இருந்தது. நோயாளிகள் கண்டி ரோட்டோரங்களில் கிடப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. அதோடு கோப்பிக்கு 1869 இல் இலை நோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் மலை முழுக்கத் தேயிலையாக மாறியது. கோப்பிக்கு அறுவடை நேரத்தில் ஆள் வந்து போனால் போதும். தேயிலைக்கு அப்படி முடியாது. வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குக் குடும்பத்தோடு லயத்தில் தங்கும் ஆள் வேண்டும். அதிலும் பெண்கள் வேண்டும். வந்து போகும் ஆண் கூலி செத்தால் இன்னொருவனை ஏற்றிவரலாம். லயத்தில் பிறக்கும் பிள்ளை நாளைய கூலி. ஆக, பிள்ளை சாகாமல் இருப்பதிலும் ஒரு கணக்கு இருந்தது.

1886 இல் ஊவா தனி மாகாணமானது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளையில் தம்பத்தென்னையை வாங்கினார். 1890களின் நடுவில் ரயில் பண்டாரவளைக்கு வந்தது. பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. வந்து சேரும் ஆளுக்கும் இப்போது ஓர் அடையாளம் கிடைத்தது. 1900களின் தொடக்கத்தில் கழுத்தில் கட்டிவிடும் தகர டிக்கெட், அதில் தோட்டத்தைக் காட்டும் எண். அந்தத் தகரம் இருந்தால் வழியில் சோறும் பயணமும் கிடைக்கும், செலவு தோட்டத்தின் பற்றில் எழுதப்படும். ராகமையிலும், 1914 இல் தலைமன்னார் ரயில்வழி திறந்ததையொட்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபத்திலும் முகாம்கள் இயங்கின. அங்கே சில நாள் அடைத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, துணிகளை அவித்து, நோயில்லை என்று கண்ட பிறகுதான் மலைக்கு அனுப்பினார்கள். எங்கள் பூட்டன் பூட்டிமார் வாழ்க்கையில் பார்த்த முதலாவது டொக்டர் அநேகமாக அந்த முகாமில் இருந்தவர்தான். அவர் பார்த்தது இவர்களால் மற்றவர்களுக்கு நோய் வருமா என்று.

இனி 1912. இந்த வருடத்துச் சட்டங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது. அந்த வருடத்து 9 ஆம் இலக்கச் சட்டம் வைத்தியத் தேவைகள் பற்றியது; 10 ஆம் இலக்கம் தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றியது. தோட்டத்துத் துரையின் கடமை என்று 9 ஆம் இலக்கம் சொல்பவற்றை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். லயங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். யார் யாருக்கு நோய் என்று அறிந்து உடனே உதவ வேண்டும். கடுமை என்றால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைக்க வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இடமும் கொடுக்க வேண்டும், வைத்தியர் தகுதி என்று சொன்னாலொழிய அந்த மாதத்தில் வேலை வாங்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பராமரிப்பும் போஷாக்கும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத் தோட்ட விளைபொருள் ஏற்றுமதியிலிருந்து வரியும் எடுத்தார்கள்.

நல்ல சட்டம்தானே? எங்களுக்குள்ளேயே இதில் சண்டை வந்தது. அந்தக் காலத்தில் ஊவாவின் சிங்களக் கிராமத்துப் பெண்ணுக்கு இப்படி ஒரு மாதச் சாப்பாடு எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்படிப் பார்த்தால் தோட்டத்துப் பெண் முன்னுக்கு நின்றாள் என்று ஒருவர் சொன்னார். அது உண்மை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கடமை யார் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேலை வாங்குகிற துரையே நோயையும் பார்க்க வேண்டும். வீடும் அவருடையது, ரோட்டும் அவருடையது, அரிசியும் அவர் கையால் வருவது. ஒருவர் உண்மையிலேயே நோயாளியா, வேலைக்குக் கள்ளம் போடுகிறாரா என்று முதலில் தீர்ப்புச் சொல்வதும் அவர். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்து விளக்கெண்ணெயும் கொய்னாவும் பேதி உப்பும் ஊற்றிவிட்ட கதைகள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கின்றன. பெரியவங்க சிரிச்சுக்கிட்டுதான் சொல்லுவாங்க. "அந்தக் கசப்புக்குப் பயந்தே பாதிப்பேர் மலைக்குப் போயிருவோம்" என்பார்கள். மருந்து வேலைக்கு அனுப்பும் கருவியாகவும் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

இன்னொரு விஷயம். சட்டம் தொழிலாளியைப் பற்றிப் பேசியது, அவர் பிள்ளையைப் பற்றிப் பேசியது. மனிதரைப் பற்றிப் பேசவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் அந்த உரிமை ஒன்றும் கூட வராது.

கொக்கிப்புழு ஒழிப்புக் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆட்கள் மாத்தளைத் தோட்டங்களில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து காலுக்குள் ஏறி, குடலில் ஒட்டி, இரத்தத்தை உறிஞ்சும் புழு. தோட்டத்துச் சோகைக்கும் பிரசவ மரணங்களுக்கும் அது பெரிய காரணம். மருந்தாகக் கொடுத்தது ஒரு கடுமையான எண்ணெய், கூடவே பேதி. குடித்தவருக்கு அன்றைக்கு எழும்ப முடியாது, கூலியும் போகும். துரைமாருக்கு வேலை நாள் போகிற கவலை. ஆனாலும் சோகை குறைந்தால் ஆள் கூடுதலாக வேலை செய்வான் என்ற வாதம்தான் அவர்களை ஒத்துக்கொள்ள வைத்தது. மருந்து கொடுத்த பிறகும் கக்கூஸ் கட்டாவிட்டால் புழு மறுபடியும் ஏறும். எண்ணெய் வாங்கக் காசு இருந்த அளவுக்குக் கக்கூஸ் கட்டக் காசு இருக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு 1920களில் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் இருநூறை ஒட்டிய எண்ணிக்கை முதல் பிறந்தநாளைக் காணவில்லை.

அதன் பிறகு வந்த முப்பது வருடங்களில் நாடு வேறு பாதையில் போனது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீட்டுக்கு வரும் மிட்வைஃப், கிணற்றையும் கக்கூஸையும் பார்க்கும் பரிசோதகர், தடுப்பூசி, கர்ப்பிணி கிளினிக் என்று கிராமம் கிராமமாக விரிந்தது அந்த ஏற்பாடு. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்ததும் இதற்கு வேகம் கூடியது, ஏனென்றால் கிராமத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி கேட்டு வாங்காத அரசியல்வாதிக்கு அடுத்த முறை வாக்கு விழாது. இலங்கையின் இலவச சுகாதார சேவையைப் பற்றி உலகமே பாராட்டுகிறதே, அதன் அடியில் இருந்த எஞ்சின் இந்த வாக்குத்தான் என்பது எங்கள் கருத்து.

அந்த எஞ்சினிலிருந்து எங்களைக் கழற்றிவிட்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் ஒன்று பதுளை, எஸ். எம். சுப்பையா. அடுத்த வருடமே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், கூடவே வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கம். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகவில்லை. வாக்கால் தெரிவான அடுத்த ஆள் வர 1977 ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று பிரஜாவுரிமைச் சான்றிதழ் கேட்டார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பதுளைப் பெரியாஸ்பத்திரி தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பியதில்லை. நடந்தது அதைவிட மெதுவானது. கிராமத்து மிட்வைஃப்பின் எல்லை தோட்டத்துக் கேட்டோடு முடிந்தது. உள்ளே இருப்பவர்கள் தோட்டத்தின் பொறுப்பு என்று 1912 சட்டம் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தது. அதை மாற்றச் சொல்லிக் கேட்க வாக்கு இல்லை. தோட்டத்துக்குள் ஒரு டிஸ்பென்சரி, சில இடங்களில் பிரசவ அறை, பிள்ளைக் காம்பரா, ஒரு தோட்டத்து மருத்துவிச்சி. அவ்வளவுதான். வெளியே கிராமம் முன்னேறியது, உள்ளே நின்றது நின்றபடி. 1970கள் வரும்போது தோட்டத்துச் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

1973, 74 ஐப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு, மாவுக்கு வரிசை, வேலை நாளும் குறைந்த காலம். கிராமத்தில் ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தில் மரவள்ளி நடவும் துரையிடம் கேட்க வேண்டும். தோட்டங்களில் இறப்பு வீதம் ஒரேயடியாக ஏறியது. எங்களில் ஒருத்தியின் அப்பாயி அந்த வருடங்களைப் "பஞ்சம்" என்றுகூடச் சொல்வதில்லை, "மாவு காலம்" என்பார். அதில் ஒரு தம்பி போய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். கப்பலேறலாமா என்று யோசித்தவர்கள் பலர் கப்பலேறியது அந்தப் பசியால்தான். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எழுதியிருந்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். போனவர்கள் இறங்கிய இடம் மண்டபம் முகாம். பூட்டனைச் சோதித்த அதே இடம், இந்த முறை மற்றத் திசையில்.

1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அதன் பிறகு, முக்கியமாக 1980களில், நிலைமை உண்மையிலேயே நல்லதானது. தடுப்பூசி ஒழுங்காக வந்தது, பிள்ளைக் காம்பராக்கள் திருந்தின, வெளிநாட்டு உதவியில் தண்ணீரும் கக்கூஸும் வந்தன, சிசு மரணம் விழுந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் அழுதுகொண்டே இருப்பது வரலாறு ஆகாது. ஆனால் அதே காலத்தில் அதே வழியில் இன்னொன்றும் வந்தது. 1980இலிருந்து நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் 500 ரூபாய் வரை கொடுத்தது. தோட்டக் கூலிக்கு அது பல வாரச் சம்பளம். கருத்தடை முறைகளில் இந்த ஒன்றின் பங்கு நாட்டின் மற்ற இடங்களைவிடத் தோட்டங்களில் மிக அதிகமாக இருந்தது. மாத்திரையைப் பற்றியோ மற்ற முறைகளைப் பற்றியோ தமிழில் சொல்ல ஆளில்லாமல், என்னவென்று முழுக்க விளங்காமல் ஒப்பமிட்ட பெண்கள் இருக்கிறார்கள் என்பது மலையகப் பெண் செயற்பாட்டாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. பிரசவ வலியோடு கிடந்தவரைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன அதே தோட்டங்களில், இந்தச் சத்திரசிகிச்சைக்குப் போக மட்டும் வண்டி நேரத்துக்கு வந்தது என்று பெரியம்மாமார் சொல்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம். கேட்காமலே வீடு தேடி வந்த வைத்தியம் இது ஒன்றுதான் போல.

1992 இல் தோட்ட நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளுக்குப் போனது. சுகாதாரமும் நலன்புரியும் அரசாங்கம், கம்பனி, தொழிற்சங்கம் சேர்ந்த ஒரு நிதியத்தின் கைக்குப் போனது. இன்றைக்கு அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். தோட்ட ஆஸ்பத்திரிகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் என்ற பேச்சு 1990களிலிருந்து இருக்கிறது. சிலவற்றை ஏற்றார்கள். மற்றவை டிஸ்பென்சரியாகவே ஓடுகின்றன, தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரோடு. அவர்களில் பலர் முழுத் தகுதி பெற்ற டொக்டர்கள் அல்லர்; ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழும்பி வருபவரும் அவரே. ஆளைக் குறை சொல்லி என்ன பயன்? ஏற்பாடு அப்படி.

2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை அநேகமாக முடிந்தது. வாக்கு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. ஆனாலும் பிரதேச சபைகள் தங்கள் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க 2018 வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. ரோட்டும் தண்ணீரும் குப்பையும் சுகாதாரம் இல்லையென்றால் வேறென்ன சுகாதாரம்? 1912 இன் கேட் நூறு வருடத்துக்கு மேலாக அங்கேயே நின்றது.

இந்த இடத்தில்தான் எங்கள் வயதுக்காரர் கதை வருகிறது. லயத்தில் வாழும் இளைஞர்களில் பலருக்கு இன்று தோட்டத்தில் பேர் இல்லை. கொழும்பில் கடைக்குப் போகிறோம், கார்மென்டுக்குப் போகிறோம், படிக்கிறோம், திரீவீல் ஓட்டுகிறோம். வீடு மட்டும் தோட்டத்தில். செக்ரோலில் இல்லாதவர் தோட்டத்துக்கு யார்? ஊவாவில் ஒரு தோட்டத்தில் எங்கள் நண்பன் ஒருவன் காய்ச்சலோடு டிஸ்பென்சரிக்குப் போனபோது கேட்ட முதல் கேள்வி "யார் பேர்ல மருந்து எழுத?" என்பதுதான். அம்மாவின் பேரில் எழுதினார்கள். அவனுக்கு 23 வயது. அம்மா ஓய்வு பெற்றால் அடுத்த காய்ச்சலுக்கு யார் பேரில் எழுதுவது என்று அவன் சிரித்துக்கொண்டு கேட்டான், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பேர் இருப்பவருக்கும் இது லேசில்லை. கிளினிக் நாள் என்றால் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் சட்டப்படி இருமொழிப் பிரிவுகள்; ஆனால் கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லப் பக்கத்துக் கதிரைக்காரரைத் தேடும் அம்மாக்களை எங்கும் பார்க்கலாம். 2022 நெருக்கடியில் மருந்தை வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தபோது, நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாக இருந்த வீடுகளில் சீனி வியாதிக்காரர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டார்கள். மாத்திரையிலும் அரைப்பேர்.

2014 ஒக்டோபர் 29 ஐயும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே எத்தனை பேர் என்பது முதல் நாட்களில் யாருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு அது நாற்பதுக்குக் கீழே வந்தது. செக்ரோலில் வேலை செய்கிறவர்களின் பேர் இருக்கும். வீட்டில் படுத்திருந்த தாத்தா, விடுமுறைக்கு வந்த மகன், கைப்பிள்ளை, இவர்களுடைய பேர் இருக்காது. அந்த மலை ஆபத்து என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். அங்கிருப்பவர்களை நகர்த்துவது யாருடைய வேலை என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அதனால்தான் தோட்ட ஆஸ்பத்திரிகளை முழுதாகச் சுகாதார அமைச்சு எடுக்க வேண்டும் என்ற பழைய கோரிக்கையை நாங்கள் ஆதரிக்கிறோம். எடுத்தால் இருக்கிற டிஸ்பென்சரியையும் மூடிவிட்டு "டவுனுக்குப் போ" என்பார்கள் என்ற பயம் தோட்டத்தில் இருக்கிறது, அது வீண் பயமில்லை. பத்து மைல் தள்ளி ஒரு நல்ல ஆஸ்பத்திரி இருப்பது ராத்திரி வலிக்கு உதவாது. எடுப்பது கட்டிடத்தை மட்டுமென்றால் வேண்டாம். தமிழ் பேசும் மிட்வைஃப், அங்கேயே தங்கும் வைத்தியர், செக்ரோலைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து எழுதும் பதிவேடு, இவை சேர்ந்து வர வேண்டும்.

அதுவரைக்கும் 1990 இருக்கிறது. 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்த இலவச அம்பியுலன்ஸ் சேவை இப்போது ஊவாவுக்கும் வருகிறது. அடித்தால் "நீங்க யாருடைய ஆள்?" என்று கேட்பதில்லை; "எங்கே இருக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். லயத்துக்கு நம்பர் இல்லை, ரோட்டுக்குப் பெயர் இல்லை. மேல் கணக்கு, கீழ்க் கணக்கு, பழைய ஸ்டோர் சந்தி என்று சொன்னால் பதுளை டவுன் டிரைவருக்கும் விளங்காது. ஆகவே சில தோட்டங்களில் போன் போட்டதும் பையன்கள் இரண்டு பேர் மெயின் ரோட்டுக்கு இறங்கி ஓடுகிறார்கள், போன் டோர்ச்சை ஆட்டிக்கொண்டு நின்று வண்டியை மேலே கூட்டிவர.